நாற்பத்தைந்து ரூபாய் ஹோஸும் ஒரு 1967 ஹெரால்டும்

காரில் பெட்ரோல் போகும் முக்கால் அடி நீள ரப்பர் ஹோஸ் ஒன்று என் மேஜைமேல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு, கறுப்பு மினுமினுப்புகூடப் போகவில்லை. உள்ளே மட்டும் தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்குகிறது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இந்த நாக்குதான் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை சென்னையில் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே பதினொரு தடவை என்னை ரோட்டோரம் நிற்க வைத்தது. விலை 45 ரூபாய். போன ஞாயிற்றுக்கிழமை இதைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகு வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை. மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967 மாடல், இரண்டு கதவு. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. எங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பார்கள். இஞ்சின் வெறும் 948 சி.சி., ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் 1959இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. வடிவமைத்தவர் இத்தாலியர் மிக்கலோட்டி. இதன் சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, சின்னதாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்கிற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். என் பெரியப்பாவுக்கு அந்த ஒட்டுறவே போதும். சோழவரம் ஓடுதளத்தில் ஹெரால்டுகள் ரேஸ் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்து, முன் பம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டியவர் அவர். வீட்டில் எல்லோருக்கும் இது 'ரேஸ் வண்டி'தான்.

அவர் போன பிறகு மேற்கு மாம்பலம் வீட்டு ஷெட்டில் வண்டி அப்படியே நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்தது. கதவின் உள் அட்டையில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. 2024 ஜனவரியில் பெரியம்மா, "நீ எடுத்துக்கோடா. கலரை மட்டும் மாத்தாதே" என்றார். டோயிங் வண்டிக்கு 3,500 ரூபாய். நான்கு டயரும் தரையோடு ஒட்டியிருந்ததால் ஏற்றுவதற்கே இரண்டு மணி நேரம் ஆனது.

முதல் தப்பு முதல் நாளே. என்னிடம் இருந்தது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். ஹெரால்டில் போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லி, 13 நம்பர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' உட்காரும். அந்தக் கிட்டத்தட்டவை நம்பி ஏழு போல்ட் தலையை உருட்டிவிட்டேன். ஐம்பத்தேழு வருஷம் முனை மழுங்காமல் இருந்த போல்ட்டுகள்! புதுப்பேட்டையில் பழைய டூல் விற்கிற கடையில் இஞ்ச் அளவு ரிங் ஸ்பேனர் செட் 1,400 ரூபாய்க்குக் கிடைத்தது. அடிக்கடி கைக்கு வந்தவை 7/16, 1/2, 9/16 மூன்றும்தான். உருண்ட தலைகளுக்கு நட்டை வெல்ட் வைத்துக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஹெரால்டில் எனக்குப் பிடித்த விஷயம் பானெட். ஃபெண்டர், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். இஞ்சின் வேலைக்குக் குனியவே வேண்டாம். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு செய்யலாம். முதுகுவலிக்காரனான நான் பதினெட்டு மாதம் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், தனி சேஸிஸ். பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். கார் ஷெட்டில், ஒரு ஜாக்கியும் நான்கு ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்ய இதைவிட வசதியான பழைய கார் இருக்குமா என்று தெரியவில்லை.

இஞ்சின் இறுகியிருந்தது. டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தோம், அசையவில்லை. பிளக் துவாரம் வழியாக டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்றி வைத்தேன். தினமும் காலையில் ஆபீஸ் போகுமுன் கொஞ்சம் ஊற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஒரு இழுப்பு. ஒன்பதாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை.

அடுத்தது ஹெட், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் மூடி மாதிரி உட்காரும் பாகம். நட்டெல்லாம் கழற்றிய பிறகும் ஸ்டட்டுகளில் துருவோடு பிடித்துக்கொண்டிருந்தது. திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினேன். ஓரத்தில் ஒரு சில்லு போனதுதான் மிச்சம். (அந்த வடு இன்னும் இருக்கிறது, நல்லவேளை பேக்கிங் உட்காரும் இடத்துக்கு வெளியே.) அப்புறம்தான் மாஸ்டரைக் கூப்பிட்டேன். இவர் அந்தக் காலத்தில் ஹெரால்டு வேலை பார்த்த மெக்கானிக், எழுபத்தைந்து வயது தாண்டியவர், இப்போது யார் வண்டியையும் தொடுவதில்லை. ஆனால் டீ வாங்கிக் கொடுத்தால் வந்து உட்கார்ந்து பார்ப்பார். "ராக்கரைக் கழட்டிட்டே இல்ல? வால்வெல்லாம் மூடித்தான் இருக்கும். கொடிக்கயிறு இருந்தா எடுத்தா" என்றார். (வால்வுகளை அழுத்தித் திறப்பதுதான் ராக்கர்.) நைலான் கயிற்றை பிளக் துவாரம் வழியாக உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தார். கிராங்க்கை ஸ்பேனரால் சுற்றச் சொன்னார். பிஸ்டன் ஏறிக் கயிற்றை அழுத்த, கயிறு ஹெட்டை அழுத்த, 'டொக்' என்று ஒரு பக்கம் எழும்பியது. நாலு சிலிண்டரிலும் மாற்றி மாற்றிச் செய்ததும் ஹெட் கையோடு வந்துவிட்டது. அரை மணி நேர வேலை. நான் நெம்பியது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கொடிக்கயிறு மறுபடி துணி காயப்போட லாயக்கில்லை என்று மனைவி புதுசு வாங்கிக்கொண்டாள்.

பிளாக்கை கிண்டியில் ஒரு லேத்தில் அளந்தார்கள். சிலிண்டர் துளையின் விட்டம் 63 மில்லி இருக்க வேண்டியது. அதிகபட்சத் தேய்மானம் 0.06 மில்லிதான். ரீபோர் (துளையைக் கடைந்து பெரிதாக்குவது) வேண்டாம், ஹோனிங் (லேசாக உரசிச் சீராக்குவது) போதும் என்றார்கள். லேத் வேலை மொத்தம் 7,500. ரிங், பேரிங், பேக்கிங் செட் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது, சுங்கத்தோடு சேர்த்து 24,000. ட்ரையம்ஃப் உதிரி பாகங்கள் அங்கே இன்னும் செய்கிறார்கள். இங்கே தேடி அலைந்த இரண்டு மாதத்தை அடுத்த முறை மிச்சப்படுத்துவேன்.

பிரேக்கில் செய்த தப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆளைக் கொன்றிருக்கும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே வெள்ளச் சேறு காய்ந்து மண்பானை மாதிரி இருந்தது. வீல் சிலிண்டர்களும் மாஸ்டர் சிலிண்டரும் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தன. லேத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு, புது ரப்பரோடு 8,600 ஆயிற்று. பூட்டுவதற்கு முன் 'சுத்தமாக இருக்கட்டும்' என்று சிலிண்டர்களை டீசலில் நன்றாகக் கழுவித் துடைத்தேன். பத்து நாள் கழித்து வண்டியைத் தள்ளினால் சக்கரம் சுற்றவில்லை. பெடலை விட்டாலும் பிரேக் விடவில்லை. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தால், ரப்பர் வாஷர் ஊறி ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது. பக்கத்தில் பழைய ரப்பரை வைத்துப் பார்த்தேன்: இது மெதுவடை, அது தட்டை. பெட்ரோலிய எண்ணெய் எதுவும் அந்த ரப்பருக்கு ஆகாது; ஒரு சொட்டு இடுக்கில் தங்கினாலே போதும். ரப்பரெல்லாம் மறுபடி வாங்கி, லைனை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, பிரேக் ஆயிலைத் தொட்டே பூட்டினேன். இதே கோளாறு ரோட்டில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடந்திருந்தால்?

மாஸ்டர் அன்றைக்கு இன்னொன்றும் கேட்டார். "தம்பி, முன்னாடி கீழ் ட்ரனியன்ல என்ன அடிச்சே?"

"கிரீஸ்தான் மாஸ்டர். புதுசா, நல்ல கிரீஸ்."

தலையில் அடித்துக்கொண்டார். ஹெரால்டின் முன் சக்கரம் திரும்பும்போது, நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பத்தின் அடிமுனை ஒரு பித்தளை வார்ப்புக்குள் மரையில் சுற்றுகிறது. அந்த வார்ப்புதான் ட்ரனியன். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் அந்த மரைக்குள் இறங்காது, மேலேயே இறுகிவிடும். தண்ணீர் உள்ளே போய் இரும்பு மரை துருவேறி ஒரு நாள் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். கழற்றிப் பார்த்தோம். என் புதுக் கிரீஸுக்குக் கீழே யாரோ எப்போதோ அடித்த பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. வலப்பக்கம் தப்பித்தது, இடப்பக்கம் மரை கூர் போயிருந்தது. இரண்டு பக்கமும் மரை எதிரெதிர் என்பதால் ஒன்றுக்கு மற்றது உதவாது. எதற்கு வம்பு என்று இரண்டையுமே மாற்றினேன், 13,000. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய கிரீஸ் கன்னில் கியர் ஆயில் நிரப்பி, ஓரத்தில் ஆயில் கசியும்வரை அடிக்கிறேன். ஷெட் தரையில் கறை விழுகிறது, விழட்டும்.

டிங்கரிங் நான் செய்யவில்லை, செய்யத் தெரியாது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் ஹெரால்டில் முதலில் அரிக்கும் இடம். நாலில் மூன்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினாலே துளை விழுந்தது. 16 கேஜ் தகட்டில் புதிதாக மடித்து வெல்ட் வைத்தார்கள். தரைக்கு 18 கேஜ். வெல்டிங் வீட்டிலேயே நடந்ததால் பெட்ரோல் டேங்கை அதற்கு முன்னாலேயே கழற்றி மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டேன். எல்லாம் சேர்த்து 58,000. பட்டி பார்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்து, "பெயிண்டுக்கு தீபாவளி கழிச்சு வரோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். ஷெட்டின் ஒரு பக்கம் திறந்த வெளி. நவம்பர், டிசம்பர் முழுவதும் சாரல். பிரைமர் தண்ணீரை உறிஞ்சும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெயிண்ட் மாதிரிதானே இருக்கிறது! பொங்கலுக்குப் பார்த்தால் இரண்டு கதவிலும் ஆரஞ்சுப் புள்ளிகள். சுரண்டித் தேய்த்து முதலிலிருந்து. வடகிழக்குப் பருவமழை ஊரில் பிரைமரோடு வண்டியை நிறுத்திவைக்கவே கூடாது. அடுத்த முறை பெயிண்ட் வேலையை மார்ச்சில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிப்பேன். நிறம் பழைய இளநீலமே, பெரியம்மா சொன்னபடி. 42,000.

வயரிங்கில் ஒரே ஒரு முட்டாள்தனம், ஆனால் பெரியது. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் போகும். பழக்கதோஷத்தில் நெகட்டிவை பாடியில் மாட்டினேன். ஸ்டார்ட் ஆனது, ஹெட்லைட் எரிந்தது, சந்தோஷப்பட்டேன். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும், டைனமோ மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து புகை. டைனமோ தன் பழைய திசையிலேயே மின்சாரம் தள்ள, பேட்டரி எதிர்த்திசையில் இருக்க, ரெகுலேட்டருக்குள் இரண்டையும் இணைத்துப் பிரிக்கும் கட் அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். இந்த வண்டியில் ஃபியூஸ் என்று ஒன்றுமே கிடையாது, கம்பெனியிலேயே வைக்கவில்லை. இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் பெயிண்டும் போயிருக்கும். புதுப்பேட்டையில் பழைய அம்பாசிடரிலிருந்து கழற்றிய ரெகுலேட்டர் 900 ரூபாய்க்குக் கிடைத்துப் பொருந்தியது. பேட்டரியைச் சரியாக மாட்டி, டைனமோவுக்குச் சரியான திசையைப் பிடித்துவைக்க, அதன் லைவ் வயரை டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். இப்போது நான்கு வழி ஃபியூஸ் பெட்டி ஒன்று டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அசலைக் கெடுத்துவிட்டாய் என்பவர்கள் வந்து புகையைப் பார்த்திருக்க வேண்டும்.

2025 மார்ச் கடைசியில் வண்டி ரோட்டுக்கு வந்தது. டேப்பட் இடைவெளி பத்து தௌ (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ), பாயிண்ட் பதினைந்து, பிளக் இருபத்தைந்து, எல்லாம் மாஸ்டர் கண்ணெதிரே வைத்தது. பழைய வேகன் ஆருக்குப் போடும் 145/80 ஆர்13 டயர் சரியாக உட்கார்ந்தது. முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு) இல்லை, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். அது இரண்டு நாளில் பழகிவிட்டது. எங்கள் குறுகல் தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்புகிறது, பக்கத்து வீட்டு ஆல்டோ இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கும் இடம். (திரும்பும் வட்டம் 25 அடிதான்.)

அப்புறம் தொடங்கியது அந்தப் பதினொரு தடவை. பன்னிரண்டு நிமிஷம் நன்றாக ஓடும். பல்லாவரம் நெருங்கும்போது இருமும், இழுவை போகும், நின்றுவிடும். ஹெரால்டில் டேங்க் டிக்கியில் இருக்கிறது. அதன் தலையில் ரிசர்வுக்கு ஒரு சின்ன லீவர். நின்றதும் நான் போய் டிக்கியைத் திறந்து லீவரைத் திருப்புவேன், திரும்பி வந்து பம்ப்பின் கைப்பிடியை நாலு தடவை அடிப்பேன், ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவே கோளாறு டேங்கில் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். டேங்கை மறுபடி இறக்கி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் கழுவினேன், 2,000. மாற்றமில்லை. கார்பரேட்டர் கிட் இரண்டு தடவை, 4,400. சூட்டில் இக்னிஷன் காயில் படுக்கிறது என்று ஒருவர் சொல்ல, காயில் 1,800. கன்டென்சரும் பாயிண்டும் 600. பம்ப் டயாஃப்ரம் கிட் 1,300. லைனை கம்ப்ரசர் வைத்து ஊதியும் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது. ஹோஸ் மட்டும் என் சந்தேகப் பட்டியலிலேயே இல்லை. அதுதான் புதுசாயிற்றே! நானே வாங்கி, நானே கிளாம்ப் போட்டது.

கடைசியில் வழி காட்டியது ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பெட்ரோலை அதில் ஊற்றி, ஆஸ்பத்திரி குளுக்கோஸ் மாதிரி சுவர் ஆணியில் கட்டித் தொங்கவிட்டு, வேறொரு டியூபில் நேராக பம்ப்புக்குக் கொடுத்தேன். ஷெட் கதவு திறந்தபடி, மணல் வாளி பக்கத்தில்; இதை ரோட்டில் ஓட்டிக்கொண்டு யாரும் செய்ய வேண்டாம். இஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. இருபது. நாற்பது நிமிஷம் கழித்து நானாகத்தான் அணைத்தேன். ஆக பம்ப், கார்பரேட்டர், காயில் எல்லாம் குற்றமற்றவை. டேங்கை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நடுவில் மிச்சம் ஒரு இரும்புக் குழாயும், அது முடிந்து பம்ப்புக்கு ஏறும் இடத்தில் அந்த முக்கால் அடியும்தான்.

ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். ஒரு முனையிலிருந்து போகிறது. திருப்பிப் பிடித்து ஊதினால் அடைக்கிறது. கம்ப்ரசரில் நான் ஊதியது போகிற பக்கத்திலிருந்து! அங்கேயே தரையில் உட்கார்ந்து பிளேடால் கீறினேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நான் வாங்கியது எழுத்து எதுவும் அச்சடிக்காத சாதா ரப்பர். உள்தோல் ஊதி உரிந்து, பம்ப் இழுக்க இழுக்க மடிந்து வாயை அடைத்திருக்கிறது. வண்டி நின்று நான் டிக்கிக்குப் போய் வரும் இரண்டு நிமிஷத்தில் தளர்ந்து மறுபடி வழி விட்டிருக்கிறது. லீவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேலே ஆர்9 என்று அச்சடித்த, எத்தனால் தாங்கும் ஹோஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மீட்டர் 380 ரூபாய்க்கு இருந்தது. டேங்க் பக்கம் இருந்த துண்டையும் சேர்த்து மாற்றினேன்.

மொத்தச் செலவு ஏறக்குறைய 1,97,000. அதில் ரெகுலேட்டரையும் சேர்த்து 11,000 சுத்தமாக என் தப்புக்குப் போனது. நேரத்தைக் கணக்குப் போடவில்லை, போடவும் மாட்டேன். மாஸ்டரிடம் ஹோஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசு எதுவும் உன்னை மோசம் பண்ணலே பாத்தியா" என்றார். நியாயம்தான். உருண்ட போல்ட், ஊறிய ரப்பர், புகைந்த ரெகுலேட்டர், இந்த ஹோஸ் எல்லாம் என் கைங்கரியம். பதிலுக்கு இடது ட்ரனியன் பழசு என்று சொல்லிப் பார்த்தேன். "அதுவும் எவனோ உன்னை மாதிரி ஒருத்தன் புதுசா கிரீஸ் அடிச்சதுதான்" என்றார்.

நேற்று பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வண்டலூர் வரை போய்வந்தேன். போக நாற்பது நிமிஷம், வர அறுபத்தைந்து. ஞாயிறு சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோடு. எங்கேயும் நிற்கவில்லை. டிரைவர் பக்கக் கதவு மட்டும் குழியில் இறங்கும்போதெல்லாம் 'கடக்' என்கிறது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய போல்ட்டும் வாஷரும் மீந்திருந்தன, எங்கேயிருந்து வந்தவை என்று பதினெட்டு மாதக் குறிப்பு நோட்டில் ஒரு வரியும் இல்லை. இன்று காலை கதவைத் திறந்து கீல் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு துளை காலி. பாட்டிலைக் கவிழ்த்துத் தேடியதில் சரியான போல்ட் நாலாவதாகக் கிடைத்தது, அரை இஞ்ச் தலை.